ஆளுக்கொரு கையொப்பமா?

அல்ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன். வஸ்ஸலாத்து வஸ்ஸலாமு அலா ஸய்யிதினா முஹம்மதின் வஅலா ஆலிஹி வஸஹ்பிஹி அஜ்மஈன். அம்மா பஃது.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்பிற்கினிய இளைஞர்களே!

எல்லாப் புகழும் வல்ல ரஹ்மானுக்கே! ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் கிளையார்கள், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

இன்றைய ஜும்ஆவில் பார்க்க இருப்பது, மிம்பரில் அதிகம் பேசப்படாத ஒரு விஷயம். நம்மில் பலர் காலையில் ஆபீஸில் உட்கார்ந்ததும் செய்கிற முதல் வேலை மெயில் பார்ப்பது. எழுதுகிற ஒவ்வொரு மெயிலின் அடியிலும் நான்கைந்து வரிகள் தானாக வந்து நிற்கும். பெயர், பதவி, கம்பெனி, போன் நம்பர். இதைத்தான் மெயில் சிக்னேச்சர், கையொப்பம் என்கிறோம். இந்த நான்கு வரிக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நாம் பேசுகிற ஒரு சொல்லைக்கூட எழுதக் காத்திருக்கும் மலக்கு அருகிலேயே இருக்கிறார் என்று ஸூரத்து காஃப் 18ஆம் வசனத்தில் அல்லாஹ் எச்சரிக்கிறான். வாயால் சொல்வதற்கே கணக்கு உண்டென்றால், யோசித்து எழுதி, சேமித்து வைத்து, தினமும் பலருக்கு அனுப்புகிற வரிக்குக் கணக்கு இல்லாமல் போகுமா?

கேள்வி என்ன?

ஜிமெயிலில் செட்டிங்ஸ் பகுதிக்குள் போனால் ஒன்றல்ல, பல கையொப்பங்களை உண்டாக்கலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் வைத்துக்கொண்டு, மெயில் எழுதும்போது கீழே உள்ள பேனா அடையாளத்தைத் தட்டினால் வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். அவுட்லுக்கில் புது மெயிலுக்கு ஒன்று, ரிப்ளைக்கும் ஃபார்வர்டுக்கும் வேறொன்று என்று பிரித்து வைக்கலாம். வசதியான ஏற்பாடுதான்.

ஆம்பூர், வாணியம்பாடிப் பக்கம் தோல் ஏற்றுமதி செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருந்து சரக்கு வாங்குபவருக்கு எழுதும்போது முழுப் பெயர், பதவி, கம்பெனி முகவரி, நாட்டின் குறியீட்டோடு போன் நம்பர் எல்லாம் வேண்டும். வரி அலுவலகத்துக்கு எழுதும்போது ஜிஎஸ்டி எண் வேண்டும். உள்ளேயே இருக்கிற கணக்குப்பிள்ளைக்கு எழுதும்போது பெயர் மட்டும் போதும். அதே கம்பெனியில் வேலை பார்க்கும் மச்சானுக்கு எழுதும்போது 'வஸ்ஸலாம்' என்று முடித்தால் போதும். சென்னை ஐடி கம்பெனியில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும், வளைகுடாவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் இதே நிலைமைதான்.

மார்க்கப் பற்றுள்ள இளைஞர்கள் சிலர் கேட்பதுண்டு: "ஹழ்ரத், ஒருத்தருக்கு ஒரு மாதிரி, இன்னொருத்தருக்கு இன்னொரு மாதிரி எழுதுறோமே, இது இரட்டை முகம் ஆகிவிடாதா? இது நிஃபாக்கில் சேருமா?" நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிற உள்ளத்தில் ஈமான் உயிரோடு இருக்கிறது. ஆமாம், இல்லை என்று ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது. பெருமானார் (ஸல்) அவர்களின் வாழ்க்கையை வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அழைக்கும் முறை ஆளுக்கு ஆள் மாறலாம்

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்வோம். எல்லோருக்கும் ஒரே மாதிரிதான் எழுத வேண்டும் என்று ஷரீஅத் சொல்லவில்லை.

ஹுதைபிய்யா உடன்படிக்கைக்குப் பிறகு நபி (ஸல்) அவர்கள் அன்றைய உலகின் அரசர்களுக்குக் கடிதங்கள் அனுப்பினார்கள். ரோமப் பேரரசர் ஹிர்கலுக்கான கடிதத்தை திஹ்யத்துல் கல்பி (ரலி) அவர்கள் கொண்டு சென்றார்கள். பாரசீகத்தின் கிஸ்ராவுக்கு அப்துல்லாஹ் இப்னு ஹுதாஃபா (ரலி) அவர்களும், எகிப்தின் முகவ்கிஸுக்கு ஹாத்திப் இப்னு அபீபல்தஆ (ரலி) அவர்களும், அபிசீனியாவின் நஜாஷிக்கு அம்ர் இப்னு உமய்யா (ரலி) அவர்களும் கொண்டு சென்றார்கள்.

ஹிர்கலுக்கு எழுதிய கடிதம் புகாரியின் ஆரம்பத்திலேயே பதிவாகியிருக்கிறது. அதில் அவரை வெறுமனே 'ஹிர்கல்' என்று பெயர் சொல்லி அழைக்கவில்லை. 'அழீமுர் ரூம்', ரோமர்களின் மகத்தானவர் என்று எழுதினார்கள். இமாம் நவவி (ரஹ்) அவர்கள் இதை விளக்கும்போது இரண்டு விஷயங்களைச் சுட்டிக்காட்டுகிறார்கள். மார்க்கம் அங்கீகரிக்காத ஆட்சிக்கு அங்கீகாரம் கொடுத்ததாக ஆகிவிடக் கூடாது என்பதால் 'அரசர்' என்று எழுதவில்லை. அதே நேரம் மரியாதைக் குறைவும் வந்துவிடாமல், அவருடைய மக்கள் அவரை எப்படிப் பெரியவராகப் பார்க்கிறார்களோ அந்த அளவுக்கு மென்மையாக அழைத்தார்கள். எழுதிய வார்த்தையில் பொய் இல்லை. படிக்கிறவர் மனம் நோகவும் இல்லை. ஸலாம் சொன்ன விதத்தைப் பாருங்கள். முஸ்லிம்களுக்குச் சொல்வது போலச் சொல்லாமல், நேர்வழியைப் பின்பற்றுபவர் மீது ஸலாம் உண்டாகட்டும் என்ற கருத்தில் எழுதினார்கள். ஆளுக்குத் தக்கபடி வார்த்தையை அமைப்பது நபிவழிதான் என்பதற்கு இது போதுமான ஆதாரம்.

மக்களை அவரவர் தகுதிக்குரிய இடத்தில் வைக்க வேண்டும் என்று நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கட்டளையிட்டதாக அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி அபூதாவூதில் வருகிறது. இமாம் முஸ்லிம் (ரஹ்) அவர்களும் தங்கள் ஸஹீஹின் முன்னுரையில் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். மக்களுக்குப் புரியும் விதத்தில் அவர்களிடம் பேசுங்கள் என்ற கருத்தில் அலீ (ரலி) அவர்கள் சொன்னதும் புகாரியில் இருக்கிறது.

பிற்கால முஸ்லிம் அரசுகளில் இது தனிக் கலையாகவே வளர்ந்தது. அதற்கு 'இன்ஷா' என்று பெயர். எகிப்தில் மம்லூக் ஆட்சிக் காலத்தில் அரசாங்கக் கடிதத் துறையில் இருந்த கல்கஷந்தி (ரஹ்) அவர்கள், ஹிஜ்ரி 821இல் வஃபாத்தானவர்கள், 'ஸுப்ஹுல் அஃஷா' என்று பல பாகங்கள் கொண்ட பெரிய நூலை எழுதினார்கள். கலீஃபாவுக்கு எப்படித் தொடங்குவது, அமீருக்கு எப்படி, காழிக்கு எப்படி, முஸ்லிமல்லாத அரசருக்கு எப்படி என்று அதில் விரிவாக இருக்கிறது. நம் முன்னோர்கள் இதை நயவஞ்சகமாகப் பார்க்கவில்லை. ஓர் அதபாக, ஒழுங்காகத்தான் பார்த்தார்கள்.

ஆகவே வெளிநாட்டுக்காரருக்கு நீளமாகவும் உள்ளூர்க்காரருக்குச் சுருக்கமாகவும் கையொப்பம் வைப்பதில் தவறில்லை. படிப்பவருக்கு எது தேவையோ அதைக் கொடுப்பது அவர்மீதுள்ள அக்கறை.

ஆனால் முத்திரை ஒன்றுதான்

இங்கேதான் ஒரு நுணுக்கத்தைக் கவனிக்க வேண்டும், அன்பானவர்களே!

முத்திரை இல்லாத கடிதத்தை அந்த அரசர்கள் வாசிக்க மாட்டார்கள் என்று நபி (ஸல்) அவர்களிடம் சொல்லப்பட்டது. உடனே வெள்ளியில் ஒரு மோதிரம் செய்துகொண்டார்கள். அதில் மூன்று வரிகள் பொறிக்கப்பட்டிருந்தன. முஹம்மது ஒரு வரி, ரஸூல் ஒரு வரி, அல்லாஹ் ஒரு வரி. அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி புகாரியில் வருகிறது.

பெறுபவர் எதிர்பார்க்கிற முறை என்ற ஒரே காரணத்துக்காகப் புதிதாக முத்திரை செய்தார்கள். இந்த வழக்கம் நம் வழக்கம் இல்லையே என்று ஒதுக்கவில்லை. ஆனால் அதில் பொறித்த வார்த்தையைப் பாருங்கள். ஹிர்கல் கிறிஸ்தவர், அவருக்கு ஒரு முத்திரை. கிஸ்ரா நெருப்பை வணங்குபவர், அவருக்கு வேறொரு முத்திரை என்று செய்தார்களா? இல்லை. கடிதத்தில் எதிராளியின் பட்டம் மாறியது. அனுப்புபவர் யார் என்பது மாறவில்லை. கிஸ்ரா அந்தக் கடிதத்தைக் கிழித்தெறிந்தார் என்பதும் புகாரியில் உள்ள செய்திதான்.

இன்னொரு விஷயம். என் மோதிரத்தில் உள்ள வாசகத்தை வேறு யாரும் தங்கள் மோதிரத்தில் பொறிக்கக் கூடாது என்றும் நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஏன்? அந்த வாசகம் ஒரு பொறுப்பைச் சுமந்துகொண்டிருக்கிறது. அதைப் பார்த்து ஒருவர் நம்புகிறார். நம்புகிறவருக்கு அது அமானிதம். அவர்களுக்குப் பின் அந்த மோதிரம் அபூபக்ர் (ரலி) அவர்களிடமும், பிறகு உமர் (ரலி) அவர்களிடமும், பிறகு உஸ்மான் (ரலி) அவர்களிடமும் இருந்தது. அரீஸ் என்ற கிணற்றில் அது விழுந்தபோது நாள்கணக்கில் தேடினார்கள். கிடைக்கவில்லை. ஒரு முத்திரையின் அருமை அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

நம் நாட்டுச் சட்டமும் இதைத்தான் வேறு வார்த்தையில் சொல்கிறது. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டப்படி ஒரு கம்பெனி தன் வணிகக் கடிதங்களிலும் பில்களிலும் கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, 21 இலக்க நிறுவன அடையாள எண் ஆகியவற்றைக் காட்டியே ஆக வேண்டும். எழுதுவது யார் என்று தெரிந்துகொள்வது படிப்பவரின் உரிமை. ஷரீஅத் இதை 'ஹக்குல் இபாத்', அடியார்களின் உரிமை என்ற பெரிய தலைப்பில் வைத்திருக்கிறது.

ஹுதைபிய்யாவில் அழிக்கப்பட்ட வார்த்தை

இப்போது விவரமறிந்த ஒருவர் எழுந்து கேட்கலாம். "முத்திரை மாறவில்லை என்கிறீர்கள். ஹுதைபிய்யாவில் மாறியதே?"

உண்மைதான். ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு. மக்காவாசிகளின் சார்பில் ஸுஹைல் இப்னு அம்ர் உட்கார்ந்திருக்கிறார். எழுதுபவர் அலீ (ரலி) அவர்கள். 'இது அல்லாஹ்வின் தூதர் முஹம்மது செய்துகொண்ட உடன்படிக்கை' என்ற கருத்தில் எழுதப்பட்டதும் ஸுஹைல் மறுத்தார். உங்களை அல்லாஹ்வின் தூதர் என்று ஏற்றிருந்தால் கஅபாவை விட்டு உங்களைத் தடுத்திருக்கவே மாட்டோம், அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்று எழுதுங்கள் என்றார். அதை அழிக்க அலீ (ரலி) அவர்களுக்குக் கை வரவில்லை. நபி (ஸல்) அவர்களே தம் கையால் அழித்தார்கள். அவர் கேட்டபடியே எழுதப்பட்டது.

இதில் நமக்கு மூன்று பாடங்கள் இருக்கின்றன.

ஒன்று, ஓர் உண்மை எடுக்கப்பட்டபோது அந்த இடத்தில் இன்னோர் உண்மைதான் வந்தது. அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மது என்பதும் உண்மைதானே! பொய்யான ஒன்றை எழுத நபி (ஸல்) அவர்கள் சம்மதிக்கவில்லை.

இரண்டு, ஒளித்துச் செய்யவில்லை. நீங்கள் மறுத்தாலும் நான் அல்லாஹ்வின் தூதர்தான் என்று ஸுஹைலின் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத்தான் அழித்தார்கள். தாம் யார் என்பதில் அந்தச் சபையில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

மூன்று, தம் சொந்த லாபத்துக்காகச் செய்யவில்லை. இரத்தம் சிந்தாமல் காக்கும் ஒரு பெரிய நன்மைக்காகத் தம் கண்ணியமான பட்டத்தை விட்டுக்கொடுத்தார்கள்.

ஆகவே சட்டம் இப்படித் தெளிவாகிறது. ஒன்றைச் சொல்லாமல் விடுவது வேறு. இல்லாத ஒன்றைச் சொல்வது வேறு. இடத்துக்கேற்ப முதலாவது கூடும். இரண்டாவது கூடாது.

இரட்டை முகம் எது?

மக்களிலேயே மிகக் கெட்டவர்களில் ஒருவன் இரட்டை முகம் கொண்டவன். இவர்களிடம் ஒரு முகத்தோடும் அவர்களிடம் இன்னொரு முகத்தோடும் வருகிறவன் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள் (புகாரி, முஸ்லிம்). அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களிடம் சிலர் வந்து, நாங்கள் ஆட்சியாளர்களிடம் போனால் ஒன்று பேசுகிறோம், வெளியே வந்தால் அதற்கு மாற்றமாகப் பேசுகிறோம் என்றார்கள். அதை நாங்கள் நிஃபாக் என்றே கணக்கிட்டு வந்தோம் என்று பதில் சொன்னார்கள் (புகாரி).

அப்படியானால் நபி (ஸல்) அவர்கள் கெட்ட குணமுடைய ஒருவர் வந்தபோது சிரித்த முகத்தோடு பேசினார்களே, அது என்ன? அன்னை ஆயிஷா (ரலி) அவர்களே இதைக் கேட்டார்கள். ஒருவரின் தீய நாவுக்குப் பயந்து மக்கள் அவரை விட்டு ஒதுங்குகிறார்கள் என்றால் அவரே மிக மோசமான மனிதர் என்று பதில் வந்தது. அதாவது, நான் அவரைப் போல ஆகிவிடக் கூடாது என்பது அதன் உட்கருத்து. நபி (ஸல்) அவர்கள் அவரை நல்லவர் என்று பொய்யாகப் புகழவில்லை. மென்மையாக நடந்துகொண்டார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்தில் நம் இமாம்கள் இரண்டு வார்த்தைகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். ஒன்று 'முதாராத்', மற்றொன்று 'முதாஹனா'. இம்மைக்கோ மறுமைக்கோ ஒரு நன்மை வர வேண்டும் என்பதற்காக நம்முடைய உலக விஷயத்தில் ஒன்றை விட்டுக்கொடுப்பது முதாராத். இன்முகம், மென்மையான சொல், மரியாதை எல்லாம் இதில் சேரும். உலக லாபத்துக்காகத் தீனையே விட்டுக்கொடுப்பது முதாஹனா. முதலாவது விரும்பத்தக்கது, இரண்டாவது ஹராம். நீங்கள் கொஞ்சம் வளைந்துகொடுத்தால் தாங்களும் வளைந்துகொடுக்கலாம் என்று நிராகரிப்பாளர்கள் ஆசைப்படுகிறார்கள் என்று ஸூரத்துல் கலம் 9ஆம் வசனத்தில் அல்லாஹ் சொல்வது இந்த இரண்டாவதைப் பற்றித்தான்.

உரசிப் பார்க்க மூன்று கற்கள்

நம் கையொப்பம் முதாராத்தா, முதாஹனாவா என்று எப்படித் தெரிந்துகொள்வது? தங்கத்தை உரசிப் பார்ப்பதுபோல் மூன்று கற்களில் உரசிப் பாருங்கள்.

முதல் கல், எழுதியிருப்பது உண்மையா? தன்னிடம் இல்லாததை இருப்பதாகக் காட்டிக்கொள்பவர் பொய்யான இரண்டு ஆடைகளை அணிந்தவரைப் போன்றவர் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்னது புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. கம்பெனிக்குள் அனுப்பும் மெயிலில் 'எக்ஸிகியூட்டிவ்', வெளியே அனுப்பும் மெயிலில் 'மேனேஜர்' என்று போட்டுக்கொள்வது இந்த ஆடைதான். கம்பெனியே அந்தப் பதவிப் பெயரைக் கொடுத்திருந்தால் அது வேறு. நாமாகத் தைத்துப் போட்டுக்கொண்டால், அதை நம்பி ஒருவர் அட்வான்ஸ் தொகை அனுப்பினால், அந்தப் பணத்தில் பரக்கத் எங்கிருந்து வரும்? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதுபவர் நீதியோடு எழுதட்டும் என்று குர்ஆனின் மிக நீளமான வசனத்தில், அல்பகரா 282இல், அல்லாஹ் கட்டளையிடுகிறான். வியாபாரத்தில் எழுதப்படும் எழுத்து எவ்வளவு கனமானது என்பதற்கு அந்த வசனத்தின் நீளமே சாட்சி.

இரண்டாவது கல், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வெட்கப்படுவோமா? ஒரு மெயில் ஃபார்வர்டு ஆகி, ரிப்ளை ஆகி, ஐந்தாறு பேரைச் சுற்றி வரும். நீங்கள் மேனேஜருக்கு வைத்த கையொப்பமும், கஸ்டமருக்கு வைத்த கையொப்பமும், கீழே வேலை பார்ப்பவருக்கு வைத்த கையொப்பமும் ஒரே நீளமான மெயிலில் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கும் நாள் வரும். அதைப் பார்ப்பவர் "இவர் சுருக்கமாக எழுதியிருக்கிறார், அங்கே விவரமாக எழுதியிருக்கிறார்" என்று நினைத்தால் அது முதாராத். "அட, இவர் அங்கே ஓர் ஆள், இங்கே ஓர் ஆளா!" என்று நினைத்தால் அது இரட்டை முகம். துன்யாவில் ஒரு ஃபார்வர்டு காட்டிக்கொடுப்பதை மறுமையில் பட்டோலை காட்டிக்கொடுக்காதா?

மூன்றாவது கல், சிறியவருக்கு எழுதும்போது நம் அதபு என்ன ஆகிறது? பெரிய அதிகாரிக்கு ஸலாமும் நன்றியும் மரியாதையும் நிறைந்த கையொப்பம். செக்யூரிட்டிக்கும் ஆபீஸ் பையனுக்கும் அனுப்பும் மெயிலில் ஒன்றுமே இல்லை, உத்தரவு மட்டும். உலகம் இதைக் குற்றமாகக் கருதாது. அல்லாஹ்விடம் இது சாதாரண விஷயம் இல்லை. குறைஷித் தலைவர்களிடம் தீனைச் சொல்லிக்கொண்டிருந்தபோது பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் குறுக்கிட்டார்கள். நபி (ஸல்) அவர்களின் முகம் சற்றே சுருங்கியது. அதைப் பார்க்கும் கண்ணே அவருக்கு இல்லை. ஆனாலும் அல்லாஹ் ஒரு ஸூராவையே இறக்கினான், 'அபஸ'. தலைவர்கள் இஸ்லாத்துக்கு வந்தால் எத்தனையோ பேர் வருவார்கள் என்ற நல்ல எண்ணத்தில் நடந்த காரியத்துக்கே இந்தக் கண்டிப்பு! அந்தத் தோழரை நபி (ஸல்) அவர்கள் பிறகு எவ்வளவு கண்ணியப்படுத்தினார்கள்! பள்ளியின் முஅத்தினாக ஆக்கினார்கள். தாம் பயணம் போனபோது மதீனாவில் தம் பிரதிநிதியாகவும் ஆக்கினார்கள்.

'அவரவர் தகுதிக்குரிய இடத்தில்' என்ற ஹதீஸோடு இது மோதுகிறதா? மோதவில்லை. அந்த ஹதீஸை அறிவித்த அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ஓர் யாசகர் வந்தபோது ரொட்டித் துண்டைக் கொடுத்தனுப்பினார்கள். நல்ல தோற்றமுள்ள ஒருவர் வந்தபோது உட்காரவைத்து உணவளித்தார்கள். உபசரித்த விதம் வேறு. ஆனால் யாசகரும் வெறுங்கையோடு போகவில்லை. விதம் மாறலாம், உரிமை மாறக் கூடாது. டைரக்டருக்கு ஆறு வரி எழுதுங்கள், தப்பில்லை. ஆபீஸ் பையனுக்கு ஒரு வரி போதும். அந்த ஒரு வரியில் அவர் பெயரும் ஒரு நன்றியும் இருக்கட்டும்.

பெயரை மறைக்கலாமா?

இதுதான் இளைஞர்களின் மனதை அதிகம் உறுத்துகிற விஷயம். உள்ளே அனுப்பும் மெயிலில் 'முஹம்மது' என்ற பெயர் முழுமையாக இருக்கும். வெளியே அனுப்பும் மெயிலில் அது சுருங்கிப்போகும், அல்லது காணாமல் போகும். சிலர் 'எம்டி' என்று சுருக்கிவிடுகிறார்கள். படிப்பவர் மேனேஜிங் டைரக்டர் என்றோ டாக்டர் என்றோ நினைத்துக்கொள்கிறார்!

பெயரைச் சுருக்குவது தன்னளவில் ஹராம் இல்லை. வெளிநாட்டுக்காரர் வாயில் நுழையவில்லை என்று சுருக்கலாம். முதலெழுத்துப் போடுவது நம் தமிழ்நாட்டு வழக்கம். பெயரைப் பார்த்தே ஒதுக்கிவிடுவார்களோ, வேலை கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் சுருக்குகிற பிள்ளைகளும் இருக்கிறார்கள். அந்தப் பயத்தை லேசாக எண்ணி, அவர்களை நயவஞ்சகர் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. பெயர் பார்த்து ஒதுக்குகிறவனின் பாவம் அவன் தலையில். ஹுதைபிய்யாவின் பாடம் அவர்களுக்கு இடம் தருகிறது, சொல்லாமல் விடலாம் என்று.

ஆனால் இரண்டு எல்லைகள் உண்டு. ஒன்று, வேற்றுப் பெயரைச் சூட்டிக்கொள்ளக் கூடாது. கால் சென்டர்களில் வெளிநாட்டுக்காரருக்காக வேறு பெயர் வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தது நமக்குத் தெரியும். அப்படி ஒரு நிலை வந்தால், உங்கள் பெயரிலேயே சொல்ல எளிதான ஒரு பகுதியைக் கொடுங்கள். மேலதிகாரியிடம் மரியாதையாகச் சொன்னால் பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள். இரண்டு, சுருக்குவது தேவைக்காக இருக்கட்டும், வெட்கத்துக்காக இருக்க வேண்டாம். முஹம்மது என்ற பெயரைச் சொல்ல வெட்கப்படும் உள்ளம், நாளை மஹ்ஷரில் அந்தப் பெயருக்குரியவரின் ஷஃபாஅத்தை எந்த முகத்தோடு கேட்கும்?

சுருக்கும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். அப்துர் ரஹ்மான் என்ற பெயரை 'ரஹ்மான்' என்று மட்டும் கையொப்பத்தில் போடுவதை ஆலிம்கள் தடுக்கிறார்கள். ரஹ்மான் என்பது அல்லாஹ்வுக்கு மட்டுமே உரிய பெயர். நாம் அவனுடைய அப்து, அடிமை. அந்த 'அப்து' இருந்தால்தான் நமக்குப் பெருமை.

தீனைக் கடைச்சரக்கு ஆக்காதீர்கள்

இதற்கு நேர் எதிரான ஒரு நோயும் உண்டு. முஸ்லிம் முதலாளிக்கு எழுதும்போது மட்டும் ஸலாம், பிஸ்மில்லாஹ், ஓர் ஆயத்து, ஒரு துஆ என்று கையொப்பமே ஒரு சிறிய பயான்போல இருக்கும். மற்றவருக்கு எழுதும்போது ஒன்றும் இருக்காது. ஸலாம் சொல்வது ஸுன்னத்து, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த வரியைச் சேர்க்கும்போது உள்ளத்தில் என்ன இருந்தது? சகோதரனுக்கு துஆ செய்ய வேண்டும் என்ற எண்ணமா, இன்க்ரிமென்ட் எண்ணமா? தீனை மறைத்து லாபம் தேடுவது ஒரு வகை. தீனைக் காட்டி லாபம் தேடுவது இன்னொரு வகை. இரண்டாவதற்கு ரியா என்று பெயர்.

முஸ்லிம்களும் மற்றவர்களும் சேர்ந்திருக்கிற குரூப் மெயிலுக்கு என்ன செய்வது என்றும் கேட்கிறார்கள். முஸ்லிம்களும் மற்றவர்களும் கலந்திருந்த ஒரு சபையைக் கடந்தபோது நபி (ஸல்) அவர்கள் ஸலாம் சொன்னார்கள் என்று உஸாமா (ரலி) அவர்கள் அறிவிக்கும் செய்தி புகாரியில் இருக்கிறது. ஆகவே ஸலாம் சொல்லலாம். அலுவலக முறைப்படி 'நன்றி', 'அன்புடன்' என்று முடித்தாலும் குற்றமில்லை. அவை நல்ல வார்த்தைகள். நல்ல வார்த்தை ஸதகா.

இன்றே செய்ய வேண்டியது

அன்பிற்குரியவர்களே! தொழுதுவிட்டுப் போனதும் ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். மெயில் செட்டிங்ஸைத் திறந்து, சேமித்து வைத்திருக்கிற கையொப்பங்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டு வைத்திருந்தாலும் சரி, ஐந்து வைத்திருந்தாலும் சரி, எண்ணிக்கை பிரச்சினை இல்லை. எல்லாவற்றிலும் ஒரே ஆள்தான் நிற்கிறாரா என்று பாருங்கள். பதவி மாறியிருந்தால் மாற்றுங்கள். முடிக்காத படிப்பு பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டிருந்தால் அழியுங்கள். பழைய கம்பெனியின் பெயர் எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள். கீழே வேலை பார்ப்பவர்களுக்கு எழுதும் ரிப்ளையில் நன்றி என்ற ஒரு சொல்லாவது இல்லையென்றால் சேர்த்துவிடுங்கள்.

தமிழில் 'கையொப்பம்' என்கிறோம். ஒப்பம் என்றால் ஒப்புதல். கை கொடுத்த ஒப்புதல்தான் கையொப்பம். ஸூரத்து யாஸீன் 65ஆம் வசனத்தை நினைத்துப் பாருங்கள். மறுமை நாளில் வாய்களுக்கு முத்திரையிடப்படும், கைகள் பேசும், கால்கள் சாட்சி சொல்லும் என்று அல்லாஹ் அறிவிக்கிறான். இங்கே மெயிலுக்கு முத்திரையிடுகிற கை இது. அங்கே வாய்க்கு முத்திரையிடப்பட்ட பிறகு, இதே கைதான் பேசும். அன்று மேனேஜருக்கு ஒரு வாக்குமூலம், கஸ்டமருக்கு ஒரு வாக்குமூலம் என்று இருக்காது.

யா அல்லாஹ்! எங்கள் உள்ளும் புறமும் ஒன்றாக இருக்கும் பாக்கியத்தைத் தருவாயாக! எங்கள் நாவையும் பேனாவையும் பொய்யிலிருந்து காப்பாயாக! எங்கள் பிள்ளைகளின் வேலையிலும் வியாபாரத்திலும் பரக்கத் செய்வாயாக! பெயரைக் காரணம் காட்டி அவர்களுக்கு அடைக்கப்படும் கதவுகளைவிடச் சிறந்த கதவுகளை அவர்களுக்குத் திறந்துவிடுவாயாக! எங்களுக்குக் கீழே பணிபுரிவோரின் உரிமையைப் பேணும் மனதைத் தருவாயாக! மறுமையில் எங்கள் பட்டோலையை வலக்கரத்தில் தருவாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.